முழங்கால் தண்ணீரில் ஒரு ஞாயிறு

அத்தியாயம் பதினொன்று

செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தபோதுதான் குணலட்சுமிக்குப் பயம் வந்தது.

வீட்டில் பொய் சொல்லிவிட்டு வந்த பயம் சாவகச்சேரி தாண்டும்போதே எங்கோ விழுந்துபோயிற்று. இது தண்ணீரைப் பார்த்து வந்த பயம்.

எதிரே கடல் என்று சொல்ல அலை இல்லை, இரைச்சல் இல்லை. பங்குனி மாதத்தில் காற்று விழுந்து கிடக்கிற காலை. சூரியன் இன்னும் வெளியே வரவில்லை. மேலே இருந்த இளஞ்சிவப்பு அப்படியே கீழேயும் கிடந்தது. எதுவரை தண்ணீர், எங்கிருந்து வானம் என்று பிரித்துக் காட்ட நடுவில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. மீனுக்காகத் தூரத்தில் வரிசையாய் நட்டிருந்த தடிகள் அந்தரத்தில் தொங்குவதுபோல நின்றன.

"உதுக்குள்ளையோ நடக்கப் போறம்?" என்று மகனைக் கேட்டாள்.

"ஓம் அம்மா. முழங்காலுக்கு மேலை வராது."

பிரவீணன் காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு நின்றான். சாவகச்சேரியில் வங்கி வேலை. முப்பது வயது. கொழும்புத்துறை லவீனாவைத்தான் கட்டுவேன் என்று மாசி மாதத்தில் அவன் சாப்பாட்டு மேசையில் சொன்ன நாளில் இருந்து தகப்பன் கதிரவேலு அவனோடு கதைப்பதில்லை. ஒரே வீட்டில் ஒருவர் வந்தால் மற்றவர் எழும்பிப் போகிறார். மகனுக்கு ஒன்று சொல்லவேண்டும் என்றால் கதிரவேலு நாயைப் பார்த்துச் சொல்கிறார்.

குணலட்சுமி மட்டும் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

போன கிழமை பிரவீணன் தன் போனில் ஒரு படத்தைக் காட்டினான். ஐந்தாறு பேர் வானத்தின் மேல் நின்றார்கள். அவர்களுடைய காலடியிலேயே அவர்கள் தலைகீழாகவும் நின்றார்கள். சுற்றிவர வேறு ஒன்றுமே இல்லை.

"உது எந்த நாடு?" என்று கேட்டாள் குணலட்சுமி.

"கொழும்புத்துறை அம்மா. லவீனா எடுத்த படம்."

கொடிகாமத்தில் இருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஐம்பத்தாறு வயதுக்குள் இப்படி ஓர் இடம் இங்கே கிடக்கிறது என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. "கூட்டிக்கொண்டு போ. பெட்டையைப் பார்த்திட்டுச் சொல்லுறன்" என்றாள். அந்த இடத்தையும் பார்க்கவேண்டும் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, அதைச் சொல்லவில்லை.

கணவரிடம் நெல்லியடியில் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

*

லவீனா அவள் நினைத்ததுபோல இல்லை.

மகனை மயக்கியவள் என்றால் எப்படி இருப்பாள் என்று குணலட்சுமி மனதுக்குள் ஓர் உருவம் வைத்திருந்தாள். நிமிர்ந்த நடை, பெரிய கண், வாய்க்காரி. இங்கே நின்றது ஒரு சின்னப் பெண். ஆண்பிள்ளைகளின் நீளக்கைச் சட்டை ஒன்றைப் போட்டு, தலைமயிரை இறுக்கிக் கட்டி, கமராவைப் பொலித்தீன் பையால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "வாங்கோ அன்ரி" என்று ஒரு சொல் சொன்னாள். அதற்குப் பிறகு பயத்தில் அவளுக்கு நா எழவில்லை.

கிழமை நாட்களில் யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் கல்யாணப் படம் எடுப்பது அவள் வேலை. ஞாயிறு வந்தால் சிநேகிதர்களோடு நடக்கப் போய்விடுவாள். ஒரு மலையும் இல்லாத ஊரில் நடப்பதற்கு இடம் தேடி, மணற்காட்டு மணல் மேடுகள், சுண்டிக்குளத்து வெளி, கீரிமலைக் கரை என்று ஒவ்வொன்றாய்ப் போவார்கள். அந்த நடையில்தான் பிரவீணன் அவளைக் கண்டது.

இன்றைக்கு அந்தக் கூட்டத்தில் இருந்து டிலக்ஷி மட்டும் வந்திருந்தாள். எதற்கும் சிரிக்கிற பெண். கையில் கமரா இல்லை, போன்தான்.

லவீனாவின் தகப்பன் அடைக்கலநாதன் கரையில் பூவரச மரத்துக்குக் கீழே வலையை விரித்து உட்கார்ந்துவிட்டார். "நான் வரேல்லை. நான் வந்தால் நீங்கள் ரண்டு தாய்மாரும் வாய் திறக்கமாட்டியள்" என்றார். கடலுக்குப் போய்க் கறுத்த மனிதர். குரல் மட்டும் மெத்தென்று இருந்தது.

மற்றத் தாய் லூர்த்தம்மா. பூப்போட்ட நீளச் சட்டையின் கரையை இடுப்பில் சொருகி, பிளாஸ்க் வைத்த பையைத் தலையில் ஏற்றிக்கொண்டு முதல் ஆளாய் இறங்கினாள். குணலட்சுமியை அவள் இன்னும் நேரே பார்க்கவில்லை.

"காலைத் தூக்கி வையாதேங்கோ," என்றாள் முன்னே பார்த்தபடியே. "மணலிலை உரசி உரசி வாங்கோ. திருக்கை கிடந்தால் விலகிப் போயிடும்."

"திருக்கையோ!"

"சின்னன்தான்."

பிரவீணன் கை கொடுத்தான். குணலட்சுமி சீலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் குளிரவில்லை. அவளுக்காகவே காத்திருந்ததுபோல இளஞ்சூடாய்க் காலைச் சுற்றிக்கொண்டது.

*

கொஞ்ச நேரத்தில் கரையின் சத்தங்கள் ஒவ்வொன்றாய் நின்றன. முதலில் ஓட்டோக்கள். பிறகு சேவல். பிறகு கோயில் ஒலிபெருக்கி. கடைசியில் தண்ணீரை விலக்குகிற கால்களின் சத்தம் மட்டும் இருந்தது.

அடியில் எல்லாம் தெரிந்தது. யாரோ விரலால் கோடு இழுத்து வைத்ததுபோல மணல் வரிவரியாய்க் கிடந்தது. நூல் தடிப்பில் மீன்குஞ்சுகள் கூட்டமாய் வந்து, அவள் காலைக் கண்டு நின்று, இரண்டாய்ப் பிரிந்து போயின. தன் காலை இவ்வளவு நேரம் தான் பார்த்ததே இல்லை என்று குணலட்சுமி நினைத்தாள். அது ஒரு சின்னப் பிள்ளையின் கால்போலத் தெரிந்தது.

நிமிர்ந்து பார்த்தாள். கரை மெல்லிய கறுப்புக் கோடாகிவிட்டது. லவீனா தள்ளிப்போய், குனிந்து, கமராவைத் தண்ணீரோடு தண்ணீராய் வைத்து எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கீழே இன்னொரு லவீனா தலைகீழாய்க் குனிந்து நின்றாள்.

திரும்பி வந்து கேட்டாள். "உங்களையும் எடுக்கலாமோ அன்ரி?"

"என்னை வேண்டாம் பிள்ளை. தண்ணியை எடும்."

"சரி அன்ரி."

அவ்வளவுதான். மறுபடி கேட்கவில்லை; ஒளித்தும் எடுக்கவில்லை. குணலட்சுமி கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் நின்ற பக்கம் கமரா ஒருமுறையும் திரும்பவில்லை. சொன்னால் கேட்கிறவள் என்று மனதில் ஒரு புள்ளி போட்டுக்கொண்டாள்.

கொஞ்ச தூரம் போய்த் தானாகவே கேட்டாள். "கலியாணம் முடிச்சால் நீர் சைவ சமயத்துக்கு மாறுவீரோ?"

பிரவீணன் "அம்மா…" என்றான்.

"நீ பேசாமல் வா."

லவீனா நின்றாள். கமராவின் வாரைக் கையில் சுற்றினாள், அவிழ்த்தாள். "மாறமாட்டன் அன்ரி. அவரையும் மாறச் சொல்லமாட்டன். உங்களுக்குப் பிடிக்கும் எண்டதுக்காக ஓமெண்டு சொல்ல எனக்கு ஏலாது."

குணலட்சுமி மெல்ல நடந்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள்; வரவில்லை. இந்த வெளிக்குள் கோபப்படுவதற்கு ஒரு சுவர், ஒரு கதவு, ஒன்றும் இல்லாமல் இருந்தது.

அப்போதுதான் சூரியன் வந்தான். எந்தப் பக்கத்தில் இருந்து என்றே தெரியவில்லை. ஒரே நேரத்தில் மேலேயும் கீழேயும் வந்தான். சிவப்பெல்லாம் கரைந்து பொன்னாகிற்று. குணலட்சுமி கண் கூசி ஒரு காலை மறந்து தூக்கி வைத்தாள். மணல் வழுக்கிற்று. "ஐயோ" என்று அவள் சாய, முன்னே போன லூர்த்தம்மா திரும்பிக் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் அவளும் சாய்ந்தாள். தலையில் இருந்த பை சரிந்தது. ஒரு கையால் பையையும் மறு கையால் குணலட்சுமியையும் பிடித்துக்கொண்டு லூர்த்தம்மா ஆடிய ஆட்டத்தில் இருவரும் விழாமல் நின்றதே புதுமை.

நின்ற பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதுதான் முதல் பார்வை.

குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினாள்; அடங்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தாள். சீலை நனைந்தது, கொண்டை அவிழ்ந்தது, அவள் லூர்த்தம்மாவின் கையை விடாமல் சிரித்துக்கொண்டு நின்றாள்.

டிலக்ஷியின் போன் அந்த நேரத்தில் மெல்ல ஒருதரம் சொடுக்கியது. அதை யாரும் கவனிக்கவில்லை.

*

கடல் நடுவே ஒரு மணல் திட்டி இருந்தது. நாலு கட்டில் போடுகிற அளவுதான். வற்றுக்கடலில் மட்டும் வெளியே தெரியும் என்றாள் லூர்த்தம்மா. அதில் ஏறி உட்கார்ந்தபோது உலகத்தில் வேறு யாருமே இல்லை என்பதுபோல இருந்தது. தெற்கே வெகுதூரத்தில் பூநகரிப் பக்கம் ஒரு வெள்ளைக் கீற்று அசைந்தது. பறவைகளாக இருக்கவேண்டும்.

லூர்த்தம்மா பையைப் பிரித்தாள். வாழையிலையில் சுற்றிய அவித்த கௌபிப் பயறும் தேங்காய்ப்பூவும். "தவக்காலம். நாங்களும் மச்சம் மாமிசம் தொடுறேல்லை. பயப்பிடாமல் சாப்பிடலாம்" என்றாள்.

"எங்களுக்கும் பங்குனித் திங்கள்தான். நாளைக்குப் பன்றித்தலைச்சி அம்மன் கோயிலுக்குப் போகவேணும்."

"அப்ப ரண்டு வீட்டுக் குசினியும் ஒண்டுதான் இந்த மாதம்," என்றாள் டிலக்ஷி. அவளே சிரித்தாள்.

தேநீர் ஊற்றும்போதுதான் குணலட்சுமி அதைக் கண்டாள். பையில் இருந்து இரண்டு சில்வர்ப் பேணிகள் வந்தன. ஒன்றை லவீனாவும் மற்றதை டிலக்ஷியும் எடுத்தார்கள். லூர்த்தம்மா தனக்குப் பிளாஸ்கின் மூடியை வைத்துக்கொண்டாள். பிறகு உறை பிரிக்காத கடதாசிக் கோப்பைகளை எடுத்து, உறையைக் கிழித்து, குணலட்சுமிக்கும் பிரவீணனுக்கும் அதில் ஊற்றினாள்.

"ஏன் எங்களுக்கு மட்டும் இது?"

"உங்களுக்கெண்டு நேற்றுக் கடையிலை வாங்கினது. புதுசு."

"அது தெரியுது. ஏன் எண்டு கேட்டன்."

லூர்த்தம்மா பிளாஸ்கை மூடிவைத்தாள். பிள்ளைகளைப் பார்த்தாள். "உந்தப் பக்கம் போய்ப் படம் எடுங்கோ" என்றாள். மூவரும் எழும்பித் திட்டியின் மறுகரைக்குப் போனார்கள். பிரவீணன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.

"எங்கடை பேணியிலை நீங்கள் குடிப்பியளோ எண்டு எனக்குத் தெரியேல்லை அக்கா. முகத்துக்கு நேரை வேண்டாம் எண்டு சொல்லி உங்களுக்கும் சங்கடம், எனக்கும் சங்கடம். அதுதான்."

குணலட்சுமி கோப்பையைப் பார்த்தாள்.

"எனக்கும் இந்தக் கலியாணத்திலை விருப்பமில்லை" என்றாள் லூர்த்தம்மா. கடலைப் பார்த்துக்கொண்டு அமைதியாகச் சொன்னாள். "மாதா கோயில்லை பூசையோடை என்ரை பிள்ளை கைப்பிடிக்கவேணும் எண்டு நினைச்சிருந்தன். அதைக்கூட விடுவம். நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்காதேங்கோ. என்ரை பிள்ளை உங்கடை வீட்டை வந்தால் அவளுக்குத் தேத்தண்ணி எதிலை குடுப்பியள்?"

கொடிகாமத்து வீட்டில் குசினிக்குப் பின்னால், கிணற்றடிக்குப் போகிற சுவரில், ஓர் அலுமினியப் பேணி கவிழ்த்தபடி கிடக்கிறது. தேங்காய் பிடுங்க வருகிறவனுக்கும் வேலி அடைக்க வருகிறவனுக்கும் அதில்தான் தேநீர். குணலட்சுமி அந்த வீட்டுக்குக் கல்யாணம் முடித்து வந்த நாளிலும் அது அங்கே கிடந்தது. யார் வைத்தது என்று கேட்டதில்லை. தினமும் கழுவிக் கவிழ்க்கிற கை அவளுடையது.

அந்தக் கேள்வி அவள் முகத்தில் அறையவில்லை. தண்ணீர் மணலுக்குள் இறங்குவதுபோல மெல்ல உள்ளே இறங்கிற்று. இந்தப் பெண், தன் வயதுக்காரி, இதே கேள்வியை எத்தனை நாள் நித்திரை இல்லாமல் கேட்டுக்கொண்டு கிடந்திருப்பாள்.

"நான் குடிக்கிற பேணியிலைதான்," என்றாள் குணலட்சுமி. "குசினிக்கை, எனக்குப் பக்கத்திலை இருத்தித்தான்."

லூர்த்தம்மா திரும்பினாள். "உங்கடை வீட்டுக்காரர் விடுவாரோ?"

"அவர் எப்ப தேத்தண்ணி ஊத்தினவர்? ஊத்துறது நான்தானே."

லூர்த்தம்மாவின் வாய் ஓரத்தில் சிரிப்பு ஒன்று வந்து நின்றது. கண் மட்டும் இன்னும் நம்பவில்லை. "இது வாக்கோ அக்கா?"

"வாக்குத்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னாள் என்பது குணலட்சுமிக்கு விளங்கிற்று. பார்த்திட்டுச் சொல்லுறன் என்று வந்தவள், தேநீரைப் பற்றிக் கேட்ட கேள்விக்குக் கல்யாணத்துக்கே ஓம் சொல்லிவிட்டாள். ஆனால் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

அவள் கடதாசிக் கோப்பையில் இருந்ததைக் குடித்து முடித்தாள். பிறகு கோப்பையை ஒதுக்கிவிட்டு, மூடியைக் காட்டி, "இன்னும் கொஞ்சம் கிடக்கோ?" என்று கேட்டாள். லூர்த்தம்மா தன் கையில் இருந்த மூடியைக் கழுவப் போனாள்.

"கழுவவேண்டாம். ஊத்தும்."

*

பிரவீணனின் போன் அடித்தது.

அவன் திட்டியின் அந்தக் கரையில் இருந்து ஓடி வந்தான். திரையில் 'அப்பா' என்று இருந்தது. மாசி மாதத்துக்குப் பிறகு அந்த இடத்தில் இருந்து வருகிற முதல் அழைப்பு. எடுத்துக் காதில் வைத்தான். ஒரு கணம் கேட்டான். தாயிடம் நீட்டினான்.

"ஹலோ," என்றாள் குணலட்சுமி.

"நெல்லியடியிலை கடல் எப்ப வந்தது?" என்று கேட்டார் கதிரவேலு.

அவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"ரொறன்ரோவிலை இருந்து அக்காவின்ரை மகள் பிரசாந்தி போன் எடுத்தவள். 'மாமா, மாமி கடலுக்கை நிண்டு சிரிக்கிறா, நீங்கள் எங்கை ஒளிச்சு நிக்கிறியள்' எண்டு கேக்கிறாள். நான் என்ன சொல்லுறது?"

"இஞ்சாருங்கோ… நான் வந்து சொல்லுறன்."

"வாரும். நான் கரையிலைதான் நிக்கிறன். பெடியன்ரை மோட்டச்சைக்கிளுக்குப் பக்கத்திலை."

போன் நின்றது.

டிலக்ஷியின் முகம் வெளிறிப்போயிற்று. அவள்தான். சிரிக்கிற படத்தை அப்போதே முகநூலில் போட்டு, ஊர்ப்பெயரையும் எழுதி, பிரவீணனின் பெயரையும் சேர்த்துவிட்டிருந்தாள். இவர்கள் ஒரு திட்டிக்கு நடந்து போய்ச் சேர்வதற்குள் படம் கனடாவுக்குப் போய்க் கொடிகாமத்துக்குத் திரும்பி வந்துவிட்டது.

"நான் எடுக்காமல் விட்டதை நீ ஏனடி எடுத்தனி?" லவீனாவின் குரல் உடைந்தது. "அவ வேண்டாம் எண்டு சொன்னவ. உன்னட்டையும் நான் சொன்னனான்தானே?"

"வடிவா இருந்ததடி… நான் யோசிக்கேல்லை… அழிச்சிடுறன்."

"இனி அழிச்சு என்ன," என்றாள் குணலட்சுமி. "கொண்டாரும் பார்ப்பம்."

டிலக்ஷி போனைக் கொடுத்தாள். சூரிய வெளிச்சத்துக்குக் கையை மறைப்பாய் வைத்துக்கொண்டு குணலட்சுமி பார்த்தாள். பொன் நிறத் தண்ணீர். மேலும் கீழும் இரண்டு இரண்டு பெண்கள். ஒருத்தி தலையில் பையோடு சாய்ந்திருக்கிறாள். மற்றவள், கொண்டை அவிழ்ந்தவள், பல் முழுக்கத் தெரியச் சிரிக்கிறாள். வீட்டு அலுமாரியில் இருக்கிற கல்யாண அல்பத்திலும், மகனின் பட்டமளிப்புப் படத்திலும், அடையாள அட்டையிலும் வாயை இறுக்கிக்கொண்டு நிற்கிறவள் இவள்தானா?

"இதை அழிக்கவேண்டாம்," என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள்.

லவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "என்னாலைதான் அன்ரி இவ்வளவும்."

"அழாதையும். கமரா நனையப்போகுது."

*

திரும்பி நடக்கும்போது தண்ணீர் பச்சையாகியிருந்தது. வெயில் ஏற ஏறக் கரைக்கோடு நடுங்கி, தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்து மிதந்தது. அதில் பூவரசு மிதந்தது. அதற்குக் கீழே இரண்டு கதிரைகளும் இரண்டு மனிதர்களும் மிதந்தார்கள்.

கிட்டக் கிட்ட வர அவர்கள் தரைக்கு இறங்கினார்கள். அடைக்கலநாதன் வலையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். பக்கத்துக் கதிரையில், வெள்ளை வேட்டியும் சட்டையுமாய், கதிரவேலு. இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு, ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்லும் பேசாமல் இருந்தார்கள். அப்படியே வெகுநேரம் இருந்திருப்பார்கள்போலத் தெரிந்தது.

கதிரவேலு எழும்பினார். தண்ணீர் விளிம்புவரை வந்து நின்றார்.

குணலட்சுமி நின்றாள். முழங்கால் தண்ணீர். கரைக்கு இன்னும் ஒரு வீட்டு வளவு தூரம் இருந்தது.

"நீங்கள் போங்கோ," என்றாள் மற்றவர்களுக்கு. யாரும் போகவில்லை. அவளுக்குப் பின்னால் தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டார்கள்.

"வெளியிலை வாரும்," என்றார் கதிரவேலு.

"நீங்கள் இறங்கி வாங்கோ. உங்கை நிண்டு கதைச்சால் கொழும்புத்துறை முழுக்கக் கேக்கும்."

அவர் சுற்றிப் பார்த்தார். வேலிக்கு மேலால் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. சைக்கிளில் போன ஒருவர் காலை ஊன்றி நின்றார். கதிரவேலு தன் செருப்பைப் பார்த்தார், வேட்டியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றவில்லை. வேட்டியை ஒரு கையால் தூக்கிக்கொண்டு செருப்போடு தண்ணீருக்குள் கால் வைத்தார்.

அவர் வருவதைக் குணலட்சுமி பார்த்துக்கொண்டு நின்றாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவர் தன்னை நோக்கி இப்படி நடந்து வந்து அவள் கண்டதில்லை. எப்போதும் அவள்தான் போவாள்; கூப்பிட்டால் போவாள், கூப்பிடாவிட்டாலும் போவாள். ஒவ்வோர் அடிக்கும் அவரைச் சுற்றி வட்டம் வட்டமாய் விரிந்தது. ஒரு செருப்பு கழன்று மிதந்தது. அவர் அதைக் குனிந்து எடுக்காமல் வந்தார்.

கிட்ட வந்து நின்றார். கோபமாக இருப்பார் என்று நினைத்தாள். களைத்துப்போனவர் மாதிரி இருந்தார்.

"பொய் சொன்னது பிழை," என்றாள் அவளே முந்திக்கொண்டு. "உண்மையைச் சொல்லியிருந்தால் விட்டிருக்கமாட்டியள்."

"விட்டிருக்கமாட்டன்தான்." தண்ணீரைப் பார்த்தார். அதில் அவருடைய வெள்ளைச் சட்டை கலங்கிக் கலங்கிக் கூடிற்று. "படம் வடிவாத்தான் கிடக்கு," என்றார். "எடுத்தது உந்தப் பெட்டையோ?"

"இல்லை. அது என்னை எடுக்கேல்லை. நான் வேண்டாம் எண்டனான்."

அவர் ஒருமுறை நிமிர்ந்து அவளுக்குப் பின்னால் பார்த்தார். நீளக்கைச் சட்டை போட்ட பெண், கமராவை அணைத்துக்கொண்டு, வெயிலில் நின்றாள். பார்வையை உடனே திருப்பிக்கொண்டார்.

"இஞ்சாரும்," என்றார். குரல் இறங்கிற்று. "நான் உம்மை ஏச வரேல்லை. நேற்று இரவே உம்மட்டைச் சொல்ல இருந்தனான். காலமை சொல்லுவம் எண்டு எழும்பினன். நீர் வெளிக்கிட்டிட்டீர்."

"என்னத்தை?"

"இண்டைக்குப் பின்னேரம் மீசாலையிலை இருந்து ஆக்கள் வருகினம். பெடியனைப் பார்க்க. முத்துக்குமாரு அண்ணை கொண்டுவந்த சம்பந்தம். சாதகம் நல்லாப் பொருந்தியிருக்கு."

அவள் ஓர் அடி கிட்ட வந்தாள்.

"ஆரைக் கேட்டு வரச் சொன்னனியள்?"

"கேட்டால் அவன் ஓமெண்டுவானோ? நீரும் ஒண்டும் சொல்லாமல் இருந்தனீர். உமக்கும் விருப்பமில்லை எண்டுதான் நான் நினைச்சன்." வேட்டியைப் பிடித்திருந்த கை நழுவிற்று. நுனி தண்ணீரில் விழுந்து விரிந்தது. "அவை ரண்டு குடும்பமா வருகினம், பெட்டையின்ரை தாத்தாவும் வாறாராம். நான் வாக்குக் குடுத்திட்டன், குணம்."

குணம் என்று அவர் அவளைக் கூப்பிட்டு எத்தனையோ வருடம்.

சின்ன மீன்கள் இரண்டு பேருடைய கால்களையும் சுற்றி வந்தன. கரையில் அடைக்கலநாதன் எழும்பி நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டார். "தண்ணி ஏறுது! எல்லாரும் வெளியிலை வாங்கோ!"

"நானும் ஒரு வாக்குக் குடுத்திட்டன்," என்றாள் குணலட்சுமி.

"ஆருக்கு?"

அவள் திரும்பி லூர்த்தம்மாவைப் பார்த்தாள். கதிரவேலுவும் அந்தப் பக்கம் பார்த்தார்.

தண்ணீர் முழங்காலுக்கு மேலே வந்துவிட்டது. இரண்டு பேரும் இன்னும் கரைக்குத் திரும்பவில்லை.